நடுவுல யாரும் இல்லாத குரல்: பாம்பன் கரையில இருந்து ஒரு ரேடியோ கதை

இந்த எபிசோடுல நான் பேசப்போறது, ஒரு வகையில நான் செய்யுற இதே வேலையைப் பத்தி. ஒரு ஆளு, ஒரு மைக். மேல முதலாளி கிடையாது, எடிட்டர் கிடையாது, சேனல் கிடையாது. சொந்தமா ஷோ நடத்துற ஒரு தொகுப்பாளருக்குப் பலம் எங்கிருந்து வருது, கோளாறு எங்கிருந்து வருது?

இந்தக் கேள்வியை இப்போ யாரு கேட்டாலும் உடனே நாலு யூடியூப் சேனல் பேரைச் சொல்லி, "இவர் நல்லவரு, அவர் மோசம்"னு முடிச்சிருவோம். நான் கொஞ்சம் பின்னாடி போறேன். ராமநாதபுரம் கடற்கரைக்கு. ஏன்னா ஒரு குரலை நம்பலாமா வேணாமாங்கிற கேள்வி அங்க பொழுதுபோக்கு இல்ல. காலையில படகை எடுக்கலாமா வேணாமாங்கிற கேள்வி.

அக்கரையில இருந்து வந்த குரல்

முதல்ல பூகோளம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல இருக்குற தூரம் சுமார் 30 கிலோமீட்டர். சென்னையில தாம்பரத்துல இருந்து சென்ட்ரலுக்கு ட்ரெயின்ல போற தூரம்தான் கிட்டத்தட்ட. அதே சமயம் ராமேஸ்வரத்துல இருந்து சென்னைக்கு வரணும்னா ஒரு ராத்திரி முழுக்க ரயில்ல படுத்துக் கிடக்கணும்.

இதுல கொஞ்சம் இன்ஜினியரிங்கும் இருக்கு. மீடியம் வேவ் ரேடியோ அலை காய்ஞ்ச நிலத்து மேல போகும்போது சீக்கிரமே வலு இழந்துரும். உப்புத்தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்துறதால, கடல் மேல அதே அலை ரொம்ப தூரம் கெடாம போகும். அதனால இலங்கை வானொலி இந்தக் கரையில காதுகிட்ட வந்து பேசுற மாதிரி கேட்டுச்சு.

1952-ல பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரி ஆனாரு. சாஸ்திரிய சங்கீதம்தான் உசத்தி, சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும்னு நெனைச்சவரு. அகில இந்திய வானொலியில சினிமாப் பாட்டு சுருங்கிப்போச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1950 செப்டம்பர்ல, இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்துச்சு. டெல்லி மூடுன கதவுக்குப் பக்கத்துலயே கொழும்பு ஜன்னலைத் திறந்து வெச்சிருந்த மாதிரி. இந்தியா விழிச்சுக்கிட்டு விவித் பாரதியை ஆரம்பிக்க 1957 அக்டோபர் ஆயிருச்சு. அதுக்குள்ள தமிழ்நாட்டுக் காதுகள் கொழும்புக்குப் பழகிருச்சு.

எஸ்.பி. மயில்வாகனன், அப்புறம் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத். உங்க வீட்டுல அறுபது வயசு தாண்டுனவங்க யாராவது இருந்தா இந்தப் பேர்களைச் சொல்லிப் பாருங்க, முகமே மாறும். கே.எஸ். ராஜா மூச்சு விடாத வேகத்துல பேசுவாரு, ஆனா ஒரு எழுத்துகூட விழுங்கப்பட்டிருக்காது. அப்துல் ஹமீதோட உச்சரிப்பைக் கேட்டு ல, ள, ழ கத்துக்கிட்டவங்க ஒரு தலைமுறை. பாட்டுக்கு முன்னாடி நேயர்களோட பேரும் ஊரும் வாசிப்பாங்க. நம்ம கிராமத்துப் பேரு வேற நாட்டு ரேடியோவுல வருதுன்னா, அதைக் கேட்டவன் அந்த அறிவிப்பாளரை வெளியாளா நெனைப்பானா?

இவங்க யாரும் சுதந்திரத் தொகுப்பாளர்கள் கிடையாது. அரசாங்க நிலையத்துல வேலை பார்த்தவங்க, விளம்பரதாரர் காசுல ஓடுன நிகழ்ச்சிகள். ஆனா பின்னாடி வந்த ஒவ்வொரு தனிக்குரலும் நம்பியிருக்குற ஒரு விஷயத்தை இவங்கதான் தமிழ்ல முதல்ல பெரிய அளவுல செஞ்சு காட்டுனாங்க. லட்சம் பேர் கேட்டாலும், ஒவ்வொருத்தனுக்கும் "இவரு என்கிட்ட மட்டும் பேசுறாரு"ன்னு தோணவைக்கிறது. நேர்ல பார்க்காத ஒருத்தரை அண்ணனா, மாமாவா நெனைக்கவைக்கிறது.

அந்த நெருக்கத்தை வெச்சு அவங்க செஞ்சது பாட்டுப் போட்டது, வினா-விடை நடத்துனது, சினிமாவுக்கு விளம்பரம் பண்ணுனது. மேல நிலையம்னு ஒண்ணு இருந்துச்சு. எது பேசலாம், எது கூடாதுன்னு கோடு இருந்துச்சு. அதே நெருக்கம் கோடே இல்லாத ஒருத்தர் கையில கெடைச்சா என்ன ஆகும்? அதுக்கு விடை தெரிய நாம ராமேஸ்வரத்தை விட்டுட்டு அமெரிக்காவுக்கு ஒரு எட்டு போய்ட்டு வரணும்.

முதலாளி இல்லாத முதல் பெரிய குரல்

சார்ல்ஸ் காக்லின். டெட்ராய்ட் பக்கத்துல ராயல் ஓக்ங்கிற ஊர்ல ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1926-ல உள்ளூர் ரேடியோவுல பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சாரு. 1929-ல பங்குச்சந்தை சரிஞ்சு, வேலை போயி, பேங்க் மூடி, ஜனங்க தெருவுக்கு வந்தப்போ அவரு பேச்சு மாறுச்சு. வட்டி, தங்கம், கரன்ஸி, பேங்க்காரங்கன்னு பொருளாதாரத்தைச் சாதாரண ஆளுக்குப் புரியுற பாஷையில பேசுனாரு. பெரிய பத்திரிகைகள் ஜனங்களோட வேதனையைப் புள்ளிவிவரமா எழுதிக்கிட்டு இருந்தப்போ, இவரு அதைக் கோபமா மாத்திக் குடுத்தாரு.

1930-ல சி.பி.எஸ். நெட்வொர்க் அவரை நாடு முழுக்கக் கொண்டுபோச்சு. அடுத்த வருஷமே, பேச்சு ரொம்பச் சூடா இருக்குன்னு உரசல் வந்து வெளிய விட்டாங்க. மனுஷன் என்ன பண்ணுனாரு தெரியுமா? ஒவ்வொரு ஊர் ஸ்டேஷன்லயும் தானே காசு குடுத்து நேரம் வாங்கி, சொந்தமா ஒரு நெட்வொர்க்கைக் கட்டிட்டாரு. காசு எங்கிருந்து? கேட்குறவங்க தபால்ல அனுப்புன நன்கொடை. இன்னைக்கு "சேனலுக்கு மெம்பரா சேருங்க"ன்னு நாங்க கேட்குறோம்ல, அதோட தாத்தா இதுதான். உச்சத்துல அவரைக் கேட்டவங்க மூணு கோடி வரைக்கும் இருக்கும்னு மதிப்பிடுறாங்க.

இதுவரைக்கும் கதையைக் கேட்டா நமக்கே கைதட்டத் தோணும். கார்ப்பரேட் வெளிய தள்ளுச்சு, மக்கள் தூக்கி நிறுத்துனாங்க. அந்தப் பலம் உண்மையான பலம்தான். அதுல பொய் இல்ல.

அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. 1932-ல ரூஸ்வெல்ட்டைத் தூக்கி வெச்சுப் பேசுனவரு, ரெண்டு வருஷத்துல அவரை எதிரி ஆக்கிட்டாரு. 1936-ல மூணாவது கட்சிக்கு ஆதரவா நின்னு படுதோல்வி. தோத்ததும் பேச்சு தணிஞ்சிருக்கணும். தணியல. பேங்க்காரங்க மேல இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமா யூதர்கள் மேல திரும்புச்சு. 1938-ல, யூதர்கள் உலகத்தை ஆளச் சதி பண்றாங்கன்னு சொல்ற ஒரு ஆவணத்தைத் தன்னோட பத்திரிகையில தொடராப் போட்டாரு. அது போலின்னு லண்டன் 'டைம்ஸ்' 1921-லயே அம்பலப்படுத்தியிருந்துச்சு. அதே 1938 நவம்பர்ல ஜெர்மனியில யூதர்களோட கடைகளும் கோயில்களும் எரிக்கப்பட்டப்போ, அதுக்கு நியாயம் கற்பிக்கிற மாதிரி ரேடியோவுல பேசுனாரு.

என் ஃபீல்டு பாஷையில சொன்னா, இது கோட் ரிவ்யூவே இல்லாம பன்னிரண்டு வருஷம் நேரா ப்ரொடக்‌ஷன்ல ஏத்துன சிஸ்டம். மொதல்ல வேகமாத்தான் இருக்கும். தப்பு நுழையுற அன்னைக்கு யாருக்கும் தெரியாது, ஏன்னா பார்க்க ஆள் இல்ல.

கடைசியில எப்படி நின்னுச்சு? நியூயார்க் ஸ்டேஷன் ஒண்ணு அவரோட ஒலிபரப்பை எடுக்க மறுத்துச்சு. 1939-ல ஒலிபரப்பாளர் சங்கம், சர்ச்சைப் பேச்சுக்குக் காசுக்கு நேரம் விக்கிறதைக் கட்டுப்படுத்துற விதியைக் கொண்டுவந்துச்சு. 1940-ல ரேடியோ நின்னுச்சு. 1942-ல அவரோட பத்திரிகைக்கும் மூடுவிழா. நான் கவனிக்கிறது என்னன்னா, அவரை நிறுத்துனது அவரோட நேயர்கள் இல்ல. அவங்க கடைசி வரைக்கும் காசு அனுப்பிக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஏன் அனுப்ப மாட்டாங்க? அவங்க கேட்க ஆசைப்பட்டதைத்தானே அவரு சொன்னாரு.

முதலாளி இல்லாத தொகுப்பாளருக்கு முதலாளியே இல்லைன்னு நெனைக்காதீங்க. கேட்குறவங்கதான் முதலாளி. அந்த முதலாளிக்குப் பிடிக்காததைச் சொல்ற தைரியம், கம்பெனியை எதிர்த்துப் பேசுற தைரியத்தைவிடக் கஷ்டமானது.

பாம்பன்ல ஒரு 90.4

இப்போ திரும்ப நம்ம கரைக்கு வருவோம். 1995 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்குல ஒரு பெரிய வார்த்தை சொல்லுச்சு: காத்துல போற அலைவரிசை பொதுச்சொத்து, அது அரசாங்கத்தோட தனிச்சொத்து இல்ல. அந்தத் தீர்ப்புல இருந்து சமுதாய வானொலி வரைக்கும் வர ஏழெட்டு வருஷம் ஆச்சு. முதல்ல கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி. 2004-ல நம்ம அண்ணா பல்கலைக்கழகத்துல அண்ணா எஃப்.எம். வந்தது அப்படித்தான். 2006 நவம்பர்லதான் தொண்டு அமைப்புகளும் நடத்தலாம்னு கொள்கை வந்துச்சு.

அந்த வழியா வந்ததுதான் பாம்பன்ல இருக்குற கடல் ஓசை, 90.4 எஃப்.எம். 2016 ஆகஸ்ட்ல தொடங்குனாங்க. ஆரம்பிச்சவர் மீனவ சமூகத்தைச் சேர்ந்த ஆம்ஸ்ட்ராங் பெர்னாண்டோ. மீனவர்களுக்காகவே நடக்குற நிலையம். கடல் நிலவரம், காத்து, அலை, அரசாங்கத் திட்டங்கள், மீன்வளத்தை எப்படிக் காப்பாத்துறதுன்னு பேச்சு போகும். மைக்ல இருக்குறவங்களும் அந்தப் பேச்சுவழக்குலயே பேசுறாங்க.

சமுதாய வானொலிக்கு 2006 கொள்கை வெச்ச அளவு: ட்ரான்ஸ்மிட்டரோட அதிகபட்ச கதிர்வீச்சுத் திறன் (ERP) 100 வாட், ஆன்டெனா 30 மீட்டர் உயரம், எதிர்பார்க்குற வீச்சு 5-லிருந்து 10 கிலோமீட்டர். உங்க வீட்டுல எரிஞ்ச பழைய குண்டு பல்பு எடுக்குற அதே 100 வாட். காக்லினுக்கு மூணு கோடிப் பேர். இங்க ஒரு தீவும், கொஞ்சம் கரையும், கொஞ்சம் கடலும்.

இந்தச் சின்ன வீச்சைப் பலவீனம்னு பார்க்கத் தோணும். எனக்கு அதுதான் பெரிய பாதுகாப்பாத் தெரியுது. ஏன்னு சொல்றேன்.

ஐப்பசி, கார்த்திகையில வங்காள விரிகுடாவுல தாழ்வு நிலை உருவாகுதுன்னு வைங்க. பாம்பன் துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துவாங்க. ஒண்ணாம் நம்பர்ல இருந்து பதினொண்ணு வரைக்கும் இருக்கு. மீன்துறை டோக்கன் குடுக்குறதை நிறுத்தும். விசைப்படகுக்காரருக்கு அதனால போறது ஒரு நாள் பொழப்பு. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் தினமும் கடலுக்குப் போறதில்ல, வாரத்துல குறிப்பிட்ட நாள்தான் முறை. அதுபோக ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். மிச்சமிருக்குற நாள்கள்ல ஒண்ணு போனாலும் கையைக் கடிக்கும். கூட வர்ற ஆளுங்களுக்கும் அன்னைக்குப் பங்கு இல்ல.

இப்போ மைக்ல இருக்குறவங்க நிலைமையை யோசிங்க. கேட்குறவர் மனசுல ஆசை என்ன? "காத்து தணிஞ்சிரும், போகலாம்"னு யாராவது சொல்லமாட்டாங்களான்னுதான். அதைச் சொன்னா சந்தோஷப்படுவாரு, நாளைக்கும் ட்யூன் பண்ணுவாரு. "வேணாம்ணே, இன்னைக்குப் போகாதீங்க"ன்னு சொன்னா எரிச்சல்தான் வரும். அன்னைக்குக் காத்தே வரலைன்னா கிண்டலும் சேர்ந்து வரும். அடுத்த நாள் அதே ஆளை டீக்கடையில பார்த்தாகணும், இறங்குதளத்துல பார்த்தாகணும். அவரு சட்டையைப் பிடிச்சுக் கேட்கலாம்.

அந்தச் சட்டையைப் பிடிக்கிற தூரம்தான் முக்கியம். தப்பாச் சொன்னா யாருக்கு நஷ்டமோ, அவரு அடுத்த தெருவுல இருக்காரு. சொன்னது சரின்னு நிரூபிக்க வேற யாரும் வேணாம், சாயங்காலம் கடலே சொல்லிரும். காக்லினோட நேயருக்கு இந்த வசதி இல்ல. அவரு சொன்ன சதியைச் சரிபார்க்க அவங்ககிட்ட கடலும் இல்ல, காத்தும் இல்ல.

இந்தக் கரைக்குத் தகவல் தப்புனா என்ன ஆகும்னு ரொம்ப நல்லாத் தெரியும். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல் தனுஷ்கோடியை அழிச்சுது. பாம்பன்ல இருந்து கிளம்புன பாசஞ்சர் ரயில் அலையில போச்சு, அதுல இருந்தவங்க யாரும் பிழைக்கல. தொடர்பு அறுந்ததால வெளியுலகத்துக்கு விஷயமே தாமதமாத்தான் தெரிஞ்சுது. இன்னைக்கும் அந்த இடிஞ்ச சர்ச் முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்குறோம். அந்த மண்ணுல "கடல் நிலவரம்"ங்கிற வார்த்தைக்கு இருக்குற கனம் வேற.

வாய்ப்பூட்டு

அப்போ கடல் ஓசை மாதிரி இருந்துட்டாப் போதும், பிரச்சனை தீர்ந்துச்சுன்னு நான் சொல்ல வரல. இங்கதான் கதை சிக்கலாகுது.

அதே 2006 கொள்கையில ஒரு விதி: சமுதாய வானொலி சொந்தமாச் செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் பேசக்கூடாது. நல்லா யோசிங்க. ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடத்துல வீட்டுக்கு வீடு பேசுற விஷயம் என்ன? கச்சத்தீவு. 1974, 1976 ஒப்பந்தங்கள். எல்லை தாண்டுனதாச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடிச்சுட்டுப் போற ஆளுங்க, திரும்பி வராத படகுகள். அக்கரையில இருக்குற தமிழ் மீனவர்களுக்கும் ஒரு குறை இருக்கு. இழுவைமடி போட்டு நம்ம படகுகள் அவங்க கடலை வழிச்சுட்டுப் போகுதுங்கிறது. இதைத்தான் அந்தக் கரையோட குரல்ல, ரெண்டு பக்கமும் கேட்டு, நிதானமாப் பேசணும். பொறுப்பாப் பேசத் தெரிஞ்ச இடத்துக்கு அதைப் பேச அனுமதி இல்ல.

அப்போ யார் பேசுறா? போன் வெச்சிருக்குற யார் வேணும்னாலும். சென்னையில, பெங்களூர்ல, டொராண்டோவுல உக்காந்து, கடலைப் பார்க்காமலே பேசலாம். லைசென்ஸ் வேணாம், 100 வாட் வரம்பு கிடையாது. "பிடிச்சுட்டுப் போய்ட்டாங்க"ன்னு ஒரு வதந்தியை, எந்தப் படகுன்னுகூட விசாரிக்காம, ஓலக்குரல்ல போடலாம். லட்சம் வியூஸ் வரும். அது தப்புன்னு தெரிஞ்சா? அந்த லட்சம் பேர்ல ஒருத்தர்கூட அவரு வீட்டுக் கதவைத் தட்டப் போறதில்ல. ஆனா தங்கச்சிமடத்துல ஒரு வீட்டுல அந்த ராத்திரி அடுப்பு எரிஞ்சிருக்காது.

நியாயமாச் சொல்லணும்னா, அதே போன் வெச்சிருக்குற ஆளுங்கதான் பெரிய சேனல்கள் மூணு நிமிஷத்துல முடிச்சுட்டுப் போற விஷயத்தை ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசுறாங்க. மீனவர் வீட்டு அம்மா ஒருத்தர் அழாம, வெட்டப்படாம, தன் பாஷையில முழுசாப் பேசி முடிக்க இடம் கெடைச்சதுன்னா, அது பெரும்பாலும் இந்த மாதிரித் தனி ஷோக்கள்லதான். விளம்பரத்துக்கு நேரமாச்சுன்னு யாரும் கையைக் காட்ட மாட்டாங்க. அந்தப் பலத்தை நான் குறைச்சுப் பேச மாட்டேன்.

எனக்கு இதுல தெரியுறது இதுதான். சுதந்திரத் தொகுப்பாளரோட பலமும் கோளாறும் தனித்தனிப் பொட்டலம் இல்ல. ரெண்டுமே ஒரே இடத்துல இருந்து வருது: அவருக்கும் நமக்கும் நடுவுல யாரும் இல்ல. அதனாலதான் நெருக்கம். அதனாலதான் ஆபத்து. நடுவுல அரசாங்கத்தைக் கொண்டுவந்து நிறுத்துனா, பாம்பன்ல நடந்த மாதிரி, பேசவேண்டியதே காணாமப் போகும். யாரையுமே நிறுத்தலைன்னா ராயல் ஓக்ல நடந்தது நடக்கும்.

மிச்சம் இருக்குறது அந்த டீக்கடை. தப்பாச் சொன்னா நேர்ல வந்து கேட்கக்கூடிய ஒருத்தர். இன்டர்நெட்ல அது தானா அமையாது, உருவாக்கணும். யாரைப் பத்திப் பேசுறோமோ அவங்களுக்கே மைக்கைக் குடுக்குறது. சொன்னது தப்புன்னா எங்க சத்தமாச் சொன்னோமோ அங்கயே அதே சத்தத்துல திருத்துறது. காசு எங்கிருந்து வருதுன்னு சொல்லிடுறது. கேட்குறவங்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தை மாசத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிப் பார்க்குறது.

கேட்குற உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு தனி ஷோவை எடுத்துக்கோங்க. எங்களோடதா இருந்தாலும் சரி. கடைசியா அந்த ஆளு உங்களுக்கு எரிச்சலூட்டுற மாதிரி ஒரு உண்மையைச் சொன்னது எப்போன்னு யோசிங்க. ஞாபகமே வரலைன்னா, அவரு உங்களுக்குக் கடல் நிலவரம் சொல்லல. நீங்க ஆசைப்பட்ட வானிலையைச் சொல்லிக்கிட்டு இருக்காரு.

அடுத்த வாரம் பார்ப்போம்.